ஒரே நிறத்தில் தீட்டுவது குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் பக்கத்து ஊரில் நடந்த மாணவர் ஓவியப் போட்டி ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நீலத்தை மட்டுமே கொண்டு தீட்டிய தன் பாட்டியின் படத்தை, ‘வண்ணம் முழுமையாகத் தீட்டப்படவில்லை’ என்று சொல்லி நடுவர்கள் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்டார்கள். நெற்றிச் சுருக்கத்திலிருந்து சேலை மடிப்பு வரை ஏழெட்டுப் படிகளில் நீலத்தை வெளிற வைத்தும் அடர வைத்தும் அவள் செய்திருந்த வேலை, பரிசு பெற்ற படங்கள் பலவற்றிலும் இல்லாதது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவளுடைய ஆசிரியை, பிக்காசோவின் ‘நீலக் காலகட்ட’ ஓவியங்களைக் காட்டிப் பாடத்தைத் தொடங்கியதாகச் சொன்னார். நல்ல தொடக்கம். 1901-இல் நெருங்கிய நண்பர் காசாகெமாஸ் பாரிஸில் இறந்தபோது பிக்காசோவுக்கு வயது 19. அந்த ஆண்டிலிருந்து 1904 வரை பிச்சைக்காரர்களையும் பார்வையற்றவர்களையும் கைவிடப்பட்ட தாய்மார்களையும் பெரும்பாலும் நீலத்திலேயே அவர் வரைந்தார். இன்று சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள ‘கிட்டார் வாசிக்கும் முதியவர்’ அவற்றில் மிகவும் அறியப்பட்டது. ஆனால் பல பள்ளிகளில் அந்தப் படத்தின் வெளிக்கோட்டை நகலெடுத்துக் கொடுத்து, ‘நீலம் என்றால் சோகம்’ என்று ஒரு வரி சொல்லி, உள்ளே நீலம் பூசச் சொல்வதோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள்.

நீலத்தைச் சோகத்தோடு சேர்த்துப் பேசுவது ஆங்கிலேயர் வழக்கு. பிக்காசோவின் தாய்மொழியான ஸ்பானியத்திலோ பெண்கள் கனவு காணும் கதை நாயகனுக்கே ‘நீல இளவரசன்’ என்று பெயர். நம் பிள்ளைகளுக்கும் நீலம் கண்ணனின் நிறம், மழைமேகத்தின் நிறம். அப்படியிருக்க, அந்த முதியவரைப் பார்த்ததும் மனம் கனப்பது எதனால் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒடிந்ததுபோல் கவிழ்ந்த கழுத்தையும், மூடிய கண்களையும், நீண்டு மெலிந்த விரல்களையும், அவர் நிமிர இடமின்றி நெருக்கும் சட்டத்தையும் அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கிட்டார் மட்டும் பழுப்பு நிறத்தில் இருப்பதை எப்போதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்தான் கண்டுபிடிப்பான். நண்பர் எப்படி இறந்தார் என்ற கதையை நான் ஏழாம், எட்டாம் வகுப்பில் சொன்னதில்லை; நண்பர் இறந்தார் என்பதே அந்த வயதுக்குப் போதும்.

நான் பாடம் நடத்திய முறை இது. முதல் நாள் படமே கிடையாது. தாளில் ஏழு கட்டம் போட்டு, ஒரு முனையில் வெள்ளை, மறுமுனையில் நீலம், இடையில் ஐந்து படிகள். நீலத்தில் வெள்ளையைக் கொட்டினால் வெள்ளை டப்பாவே காலியாகிவிடும் என்பதால், வெள்ளையை எடுத்துக்கொண்டு அதில் பிரஷ் நுனியளவு நீலத்தைச் சேர்த்துக்கொண்டே போகச் சொல்வேன். மிக அடர்ந்த நீலமான பிரஷ்யன் நீலத்தில் ஒரு துளியே அதிகம். இருட்டாக்க வேண்டுமென்று உடனே கறுப்பைத் தொடுவார்கள், நிறம் செத்துவிடும். அதற்குப் பதில் துளி பழுப்பு போதும். அடுத்த வகுப்பில் மேசைமேல் ஓர் எவர்சில்வர் குடமும் கசங்கிய வெள்ளை வேட்டியும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறங்கள் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்; அதை வரைவதுதான் ஒற்றை நிற ஓவியம். அதன் பிறகுதான் அவரவர் வீட்டில் பார்த்த ஒரு மனிதரை வரையச் சொல்வேன். நீலத்தில்தான் வரைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒருவன் காவிக்கல்லை உரைத்துக் கொண்டுவந்து செங்கல் சூளையில் வேலை செய்யும் தன் தந்தையைத் தீட்டினான். வீட்டிலிருந்து சொட்டு நீலம் கொண்டுவந்த ஒருத்திக்கு அது தாளில் ஊறிப் பரவி எல்லாம் ஒரே குளமாகிப் போனது. அடுத்த வாரம் போஸ்டர் கலரில் மீண்டும் வரைந்தாள்.

செலவைச் சொல்லி ஓவிய வகுப்பைத் தட்டிக்கழிக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் இதில் பதில் உண்டு. இரண்டு டப்பா வண்ணம் ஒரு வகுப்புக்குப் போதும். பழைய சார்ட்டின் பின்பக்கமே தாளாகும். மேலே சொன்ன முதியவர் ஓவியத்தை ஊடுகதிரில் (எக்ஸ்-ரே) ஆராய்ந்தபோது, அடியில் ஒரு பெண்ணின் உருவம் தெரிந்தது. பிக்காசோவே வரைந்த பலகையில்தான் திரும்ப வரைந்திருக்கிறார்.

வண்ணம் பல இருந்தால்தான் படம் முழுமை பெறும் என்பவர்கள் 1937-இல் பிக்காசோ வரைந்த ‘கெர்னிகா’வை என்ன செய்வார்கள்? ஏழே முக்கால் மீட்டர் அகலத்தில், குண்டு வீசப்பட்ட ஊரின் ஓலத்தைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவற்றில் அடக்கிய ஓவியம் அது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்புக் கோடுகளால் வரைந்த காந்தி வரிசை நம்மிடமே இருக்கிறது. பிக்காசோவைக் காட்டும் வகுப்பில் ஆதிமூலத்தையும் அருகில் வைத்துக் காட்டினால், கோட்டாலும் நிழலாலும் ஒரே நிறத்தில் எவ்வளவு சொல்ல முடியும் என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

போட்டி நடத்துவோர் விதிமுறையில் ‘ஒற்றை நிற ஓவியங்களும் ஏற்கப்படும்’ என்ற ஒரு வரியைச் சேர்த்து, அதை நடுவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுகிறேன். தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது ஒரே நிறத்தில் வரைந்த படங்களைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். நெடுங்காலம் கறுப்பு மையில் மட்டுமே படங்களை அச்சிட்டு வந்த நாளிதழ்களுக்கு இது புதிதல்லவே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
தேனி மாவட்டம்.