கோல்ட் ப்ரூவுக்கு ஃபில்டர் தூள் சரிப்படாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'வீட்டிலேயே கோல்ட் ப்ரூ' (காபித்தூளைப் பச்சைத் தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிப்பது) குறிப்பைப் படித்துவிட்டு வாரம் முழுக்க என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். கும்பகோணத்தில் காபிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் சின்னக் கடை. வியாபாரம் ஆனதில் சந்தோஷம்தான். ஆனால் பலர் வந்தது குறை சொல்ல: ஒரே கலங்கல், ஒரே கசப்பு, துணியில் இறங்கவே மாட்டேன் என்கிறதாம்.

'வீட்டிலுள்ள ஃபில்டர் தூளே போதும்' என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீர் நின்று நிதானமாக இறங்க வேண்டும் என்பதற்காக ஃபில்டர் தூளை நைசாக அரைக்கிறோம். அதை ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் அடிவண்டல்தான் மிஞ்சும். கடையில் சொல்லிக் கேட்டால் மிஷினைத் தளர்த்தி, சம்பா கோதுமை ரவை பதத்துக்கு அரைத்துத் தருவோம்.

இன்னொன்று சிக்கரி, அதாவது காபித்தூளோடு கலக்கிற, வறுத்து அரைத்த ஒரு செடியின் வேர். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். வாங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. சிக்கரி தண்ணீரில் சுலபமாகக் கரைந்துவிடும். பால் விடாமல் குடித்தால் வேர் வாசனைதான் தூக்கலாக இருக்கும். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் சிக்கரியோடு ஊறவைத்துப் பால் சேர்த்துக் குடிக்கிறார்கள், அது வேறு ருசி. வெறுமனே குடிப்பதென்றால் சிக்கரி இல்லாத பீபெரியோ (காய்க்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) பிளான்டேஷன் ஏ-யோ (பெரிய அரபிகா கொட்டை) வாங்குங்கள். ரொபஸ்டா என்ற இன்னொரு காபி வகையில் காஃபீன் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தூக்கம் வராதவர்கள் தொட வேண்டாம்.

100 கிராம் தூளுக்கு 800 மில்லி தண்ணீர். புதிதாக வறுத்த தூள் மேலே ஆடை கட்டி மிதக்கும். அடியில் தண்ணீர் தெளிவாக நிற்கும், அதைப் பார்த்து ஏமாறாமல் தூள் முழுக்க நனையும்படி கரண்டியால் அமுக்கிவிடுங்கள். வடிக்கும்போது மல் துணியைப் பிழியக் கூடாது; பிழிந்தால் பொடியெல்லாம் கீழே இறங்கிவிடும். 600 மில்லி கிடைத்தால் அதிகம், மீதியைத் தூளே குடித்துவிடும். சரிக்குச் சரி தண்ணீரோ பாலோ கலந்துகொள்ளலாம். 100 கிராம் தூளுக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்பதால், 'ஃபில்டர் காபியைவிடச் சிக்கனம்' என்று நீங்கள் எழுதியதும் எனக்கு ஒப்பவில்லை.

இதெல்லாம் ருசி சமாச்சாரம், போகட்டும். 'சமையல் மேடையிலேயே 12 மணி நேரம் வைக்கலாம்' என்ற வரிக்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். டிகாக்‌ஷனில் கொதிநீர் படும்; இதில் படுவதே இல்லை, அதனால் கிருமி சாகாது. நம் ஊர் மே மாத வெயிலில் வெளியே வைப்பது ஆபத்து. சுத்தமான பாட்டிலில், காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் போட்டு, முதலிலிருந்தே ஃபிரிட்ஜில் 16 மணி நேரமாவது வைக்க வேண்டும். வடித்ததையும் ஃபிரிட்ஜிலேயே வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இந்த ஒரு திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில், குறிப்பு வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
காபித்தூள் கடைக்காரர், கும்பகோணம்