படத்திறப்பு இருக்கட்டும், குறிப்பேடுகளைக் காப்பாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வு நிறுவன இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். தருமபுரிக் கிணற்று நீரை ஆராய்ந்து மறைந்த எங்கள் அய்யாவின் அறையை யாருக்கு ஒதுக்கினீர்கள், அதில் ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்குள் நாங்கள் போகவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் கோணிப்பைகளில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய பேப்பரோடு போய்விடும் என்று குடும்பத்தாருக்குத் தகவல் போயிருக்கிறது. தயவுசெய்து அவற்றை எடைக்குப் போடாதீர்கள்.

தருமபுரிக் கிணறுகளின் புளோரைடு அளவுதான் கணினியில் ஏறிவிட்டதே என்கிறது உங்கள் அலுவலகம். ஏறியது வெறும் எண். ஸ்பேட்ன்ஸ் (SPADNS) என்ற சாயத்தைக் கலந்து நிறத்தைப் பார்க்கும் முறையில் லிட்டருக்குச் சுமார் 1.4 மில்லிகிராம் வரைதான் நேரடியாக அளக்கலாம். புளோரைடு கூடக்கூடச் சாயம் வெளுத்துக்கொண்டே போகும். அந்த அளவைத் தாண்டினால், காய்ச்சி வடித்த நீரைக் கலந்து அளந்து, வந்த எண்ணை அத்தனை மடங்கால் பெருக்க வேண்டும். நான்கு மடங்கு நீர்த்திருந்தால் அய்யா பக்க ஓரத்தில் பென்சிலால் ‘×4’ என்று குறிப்பார். அந்தக் குறி கணினிக்கு வரவில்லை. அங்கே 1.2 என்று இருப்பது 1.2 தானா, 4.8-ஆ? இந்தியத் தரநிலை வேறு வழியில்லாதபோது பொறுத்துக்கொள்ளும் உச்சவரம்பே 1.5. குறிப்பேடு இல்லாமல் அந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்று யார் கையெழுத்துப் போடுவது?

படிகாரம் போட்ட நீராக இருந்தால் அலுமினியம் குறுக்கிட்டு அளவைக் குறைத்துக் காட்டும். அதையும் எழுதி வைத்திருக்கிறார். ஆழ்துளை எத்தனை அடி, மழைக்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்பதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பல்லில் புளோரைடு கறையைப் பார்த்தால், இப்போது குடிக்கும் நீரைக் கேட்கமாட்டார். சின்ன வயதில் எந்தக் கிணற்று நீர் என்றுதான் கேட்பார். நிரந்தரப் பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய 8 வயதுக்குள், குடித்ததுதான் கறையாகிறது. போத்தல் சீட்டுகள் எல்லாம் அவர் மனைவியின் கையெழுத்து. அந்தக் குடும்பத்துக்குத்தான் ‘வந்து அள்ளிக்கொண்டு போங்கள்’ என்ற தகவல்.

படத்திறப்புக்கு நாள் குறித்தாயிற்று, அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்போகிறீர்கள். மகிழ்ச்சி. பிப்ரவரி 28 வந்தால் அறிவியல் தினப் பேச்சுப்போட்டியும் அதே அரங்கில் நடக்கும். மாலைக்கு நிதி இருக்கிறது, இரண்டு இரும்பு அலமாரிக்கு இல்லை. இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. ராமானுஜன் கடைசியாக எழுதிய தாள்கள், அவற்றை வைத்திருந்த கணித அறிஞர் வாட்சன் 1965-இல் இறந்தபோது, இங்கிலாந்தில் எரியூட்டப்பட இருந்தவை. யாரோ தற்செயலாகப் போய்ப் பார்த்ததால் தப்பின. 1976-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கும் வரை அவற்றின் அருமை உலகத்துக்குத் தெரியவில்லை. தற்செயலை நம்பியா ஒரு நிறுவனம் நடத்துவது?

கோபம் மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: குறிப்பேடுகள் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். பைகளை இன்றே தரையிலிருந்து தூக்கி வையுங்கள். பிரித்ததும் அட்டைத் தேதிப்படி அடுக்கி, பென்சிலால் எண்ணிடுங்கள். குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும், கழற்றிவிடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டவேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தை மறைக்கும். கருவியிலிருந்து வந்த வெப்ப அச்சுச் சீட்டுகள் மங்கிப்போகும் என்பதால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஓரக் குறிப்பு விடுபடாமல் முழுப்பக்கமாக, வண்ணத்தில், 300 டிபிஐ போதும். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று அந்தந்த ஊராட்சிக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் நீர் வராத நாளில் ஊர் திரும்புவது அதே ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான்.

ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், அவருடைய சுருக்கெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வந்து உட்காருகிறோம். அதுவரை குறிப்பேடுகளை எடைக்குப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
அவரோடு நீராய்வில் பணிபுரிந்தவர்கள்