எரிப்பதற்கா தைத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்காத உடைகளை ஆடம்பர நிறுவனங்கள் எரித்து அழித்தது பற்றியே இந்தக் கடிதம். ஃபேஷன் என்றாலே வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்கே பயன்பட்ட ஜெர்சி என்ற நெகிழும் பின்னல் துணியில், 1910களில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் பெண்களுக்கு உடை தைத்தார். இடுப்பை இறுக்கிய கார்செட் என்ற உள்ளாடையிலிருந்து பெண்கள் விடுபட்டதில் அவருக்கும் பங்குண்டு. கையை வீசி நடக்கவும் வேலைக்குப் போகவும் தோதான உடை என்பது சின்ன விஷயமா என்ன?

ஆனால் ஆடம்பரம் வேறு. 1858இல் பாரிஸில் கடை தொடங்கிய ஆடை வடிவமைப்பாளர் சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த், தான் தைத்த உடைகளின் உட்புறத்தில் தன் பெயர்ப் பட்டையை வைத்துத் தைத்தார். அது உடுத்தியவருக்கு மட்டுமே தெரியும். 1933இல் லக்கோஸ்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் சட்டை மார்பில் முதலைச் சின்னம் ஏறியது. உள்ளே இருந்த பெயர் ஊருக்குக் காட்டும் அடையாளமாகிவிட்டது. இன்று பலர் துணியின் தரத்தைத் தடவிப் பார்ப்பதில்லை, சின்னத்தைத்தான் தேடுகிறார்கள்.

அந்தச் சின்னத்தின் மவுசு குறையக் கூடாதென்று, ஆடம்பர நிறுவனங்கள் விற்காத சரக்கையே அழித்தன. பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பெரி ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருட்களை அழித்தது 2018இல் வெளியே வந்தது. கண்டனம் கிளம்பியதும் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. யாரோ கண்விழித்துத் தைத்த உடைகள் அவை! நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது.

விற்காத சரக்கை அழிக்கத் தடை விதித்து பிரான்ஸ் 2020இல் சட்டம் இயற்றியது. மற்ற நாடுகளும் தாமதமின்றி அதைப் பின்பற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்