கேம்டன் நகரில் இரவுப் பணியாளர்களின் பாதுகாப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
கேம்டன் நகரில் இரவுப் பணி செய்யும் தமிழ்த் தொழிலாளர்கள் மற்றும் அவர்தம் குடும்பத்தினர்,
கேம்டன், நியூ ஜெர்சி மாநிலம், அமெரிக்கா.

பெறுநர்:
மாண்புமிகு இயக்குநர் அவர்கள்,
கேம்டன் கவுண்டி ஆணையர் குழு,
கேம்டன், நியூ ஜெர்சி.

பொருள்: பெட்ரோல் நிலையங்களிலும் இரவுக் கடைகளிலும் பணிபுரிவோருக்குக் காவல்துறைப் பாதுகாப்பு அளிக்கவும், குற்றப் புள்ளிவிவரங்களைப் பகுதிவாரியாகவும் நேரவாரியாகவும் வெளியிடவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கேம்டன் நகரின் பெட்ரோல் நிலையங்களிலும், விடிய விடியத் திறந்திருக்கும் கடைகளிலும், மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் நாங்கள், எங்கள் பணிநேரப் பாதுகாப்பைத் தங்கள் பொறுப்பில் இயங்கும் கவுண்டி (மாவட்ட) காவல்துறை தனிக் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கோரி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். எங்களில் பலருக்குத் தமிழில்தான் மனத்தில் உள்ளதை முழுமையாகச் சொல்ல வருகிறது என்பதால் மனுவைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பைத் தனியே இணைத்துள்ளோம்.

முதலில் நன்றி தெரிவிக்க வேண்டியிருக்கிறது. 2011 ஜனவரியில் நிதி நெருக்கடி காரணமாக நகரக் காவலர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதையும், அதற்கு அடுத்த ஆண்டில், சுமார் 77,000 பேர் வாழ்ந்த இச்சிறு நகரில் 67 கொலைகள் நிகழ்ந்ததையும் இங்கு நெடுநாள் இருப்பவர்கள் மறக்கவில்லை. ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 87 கொலைகள் என்ற அந்த விகிதம், அவ்வாண்டின் தேசிய விகிதத்தைப் போல் ஏறத்தாழ 18 மடங்கு. 2013 மே மாதம் பழைய நகரக் காவல்துறை கலைக்கப்பட்டு, கவுண்டியின் பொறுப்பில் புதிய துறை ஏற்பட்டது. காவலர்கள் காரைவிட்டு இறங்கித் தெருக்களில் நடந்து மக்களிடம் பேசத் தொடங்கினார்கள். குண்டடி பட்டவரை, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல், காவல் வாகனத்திலேயே ஏற்றிக் கூப்பர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழக்கமும் வந்தது. 2019-இல், பலப்பிரயோகத்தைக் கடைசி வழியாக மட்டுமே கையாள வேண்டும் என்ற கண்டிப்பான விதிமுறையைத் துறை ஏற்றுக்கொண்டது. 2024-இல் கொலைகளின் எண்ணிக்கை 17 ஆகக் குறைந்தது. 2025 கோடைக்காலம் ஒரு கொலைகூட இல்லாமல் கழிந்தது. இந்த மாற்றத்தை நாங்கள் நேரில் உணர்கிறோம். முன்பெல்லாம் கேம்டனில் வேலை என்றாலே வீட்டில் வேண்டாம் என்பார்கள். இன்று அப்படிச் சொல்பவர்கள் குறைவு.

ஆயினும் 71,000 சொச்சம் பேர் வாழும் ஊரில் 17 கொலைகள் என்பது லட்சத்துக்கு ஏறத்தாழ 24 ஆகும். தேசிய விகிதமோ 2024-இல் 5 அளவில் இருந்தது. மேலும், கொலை என்னும் ஒற்றை எண்ணைக் கொண்டு எங்களைப் போன்றவர்களின் ஆபத்தை அளந்துவிட முடியாது. இச்சிறு நகரில் ஓர் உயிரிழப்பு கூடினாலும் குறைந்தாலும் விகிதம் ஒன்றரைப் புள்ளி அளவுக்கு ஏறி இறங்குகிறது. அதே வேளையில், துப்பாக்கி முனையில் நடக்கும் வழிப்பறியும், தாக்குதலும், உயிர் பிழைத்தவர்களின் காயங்களும் ஆண்டு இறுதியில் வரும் தலைப்புச் செய்திகளில் இடம்பெறுவதே இல்லை. விகிதம் கணக்கிடப்படுவது ஊரில் குடியிருப்போரின் தொகையை வைத்து. எங்களில் பலர் வாடகை, பள்ளிக்கூடம் கருதிப் பக்கத்து ஊர்களில் குடியிருந்து, இரவில் மட்டும் கேம்டனுக்கு வந்து போகிறோம். இந்நகரின் மக்கள்தொகையில் எங்களுக்கு இடமில்லை. குடியிருப்போருக்காக நடத்தப்படும் கூட்டங்களுக்கும் எங்களை யாரும் அழைப்பதில்லை.

பெட்ரோல் நிலையப் பணியாளர்களின் நிலையைச் சற்று விரிவாக எடுத்துரைக்க அனுமதி வேண்டுகிறோம். வாகன ஓட்டி தானே எரிபொருள் நிரப்பிக்கொள்வதை நியூ ஜெர்சி மாநிலம் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்திருக்கிறது. 2023-இல் ஓரிகன் மாநிலம் தன் தடையைத் தளர்த்திய பிறகு, இப்படியொரு தடை முழுமையாக நீடிக்கும் ஒரே மாநிலம் நம்முடையதுதான். மற்ற மாநிலங்களில் இரவுப் பணியாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பூட்டிய கதவுக்குள் அமர்ந்திருக்க முடியும். இங்கே அவர் வெளியே வந்து, நின்ற காரின் சன்னலருகே குனிந்து, முன்பின் அறியாதவரிடம் பணமோ அட்டையோ வாங்கி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைப் பிடித்து நிற்க வேண்டும். சில்லறை கொடுப்பதற்காக நோட்டுக்கட்டு அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். அது கொள்ளையடிக்க வருபவனுக்கும் தெரியும். எங்களுக்கு வேலை தருவதே இந்தச் சட்டம்தான் என்பதால் அதை நீக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஒருவரை நள்ளிரவில் திறந்தவெளியில் நிற்கும்படி சட்டமே பணிக்கும்போது, அவரைப் பத்திரமாக வீடு சேர்க்கும் கடமையும் அரசுக்கு உண்டு என்பதே எங்கள் உறுதியான கருத்து.

நடந்த குற்றங்கள் எல்லாம் காவல்துறையின் கணக்கில் ஏறுவதில்லை என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். எங்களில் ஒருவரிடம் துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பறித்துச் சென்றபோது, புகார் கொடுத்தால் கடைக்குக் கெட்ட பெயர் வரும் என்று உரிமையாளர் தடுத்துவிட்டு, போன தொகையை அந்தப் பணியாளரின் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார். அவ்வாறு பிடிப்பதற்கு இம்மாநிலச் சம்பளச் சட்டத்தில் இடமில்லை என்பதே அந்தப் பணியாளருக்குப் பிறகுதான் தெரியவந்தது. விசா குறித்த அச்சத்தால் வாய் திறக்காதவர்களும் இருக்கிறார்கள். குற்ற விசாரணைக்குத் தேவைப்பட்டாலொழிய உள்ளூர்க் காவலர்கள் எவருடைய குடியேற்ற நிலையையும் கேட்கலாகாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2018-இலேயே ஆணை பிறப்பித்திருக்கிறார். அந்த ஆணை இருப்பதை அறிந்தவர்கள் எங்களிடையே மிகச் சிலரே.

ஆகவே, நள்ளிரவு முதல் விடியற்காலை வரை திறந்திருக்கும் பெட்ரோல் நிலையங்களையும் கடைகளையும் கவுண்டி காவல்துறை பட்டியலிட்டு, ஒவ்வோர் இரவும் ரோந்துக் காவலர்கள் அங்கு வண்டியை நிறுத்தி, பணியில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் செல்ல ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு எல்லாவற்றிலும் முதன்மையான கோரிக்கை இதுவே. வேலை முடிந்து பேருந்துக்கும் பேட்கோ ரயிலுக்கும் வருபவர்கள் வால்டர் ராண்ட் போக்குவரத்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தாக வேண்டியிருப்பதால், பணிநேரம் மாறும் வேளைகளில் அங்கும் நடைரோந்து தேவைப்படுகிறது.

அடுத்ததாக, கொள்ளை, தாக்குதல், துப்பாக்கிச் சூட்டில் ஏற்பட்ட காயங்கள் ஆகியவற்றை விட்மன் பார்க், பார்க்சைட், க்ரேமர் ஹில், ஃபேர்வியூ எனப் பகுதிவாரியாகவும், நடந்த நேரத்தோடும், துப்பு துலங்கியதா என்ற விவரத்தோடும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரோ முகவரியோ அதில் வேண்டியதில்லை. எந்த நிலையத்தில் இரவு வேலையை ஏற்கலாம், எந்த வழியாக நடக்கலாம் என்பதை இன்று நாங்கள் செவிவழிச் செய்தியை நம்பியே முடிவு செய்கிறோம்.

போதிய வெளிச்சம், பணியாளரால் திறக்க முடியாத பணப்பெட்டகம், ஓசையில்லாத அபாய மணி ஆகியவற்றை இரவுக் கடைகளுக்கு மத்தியத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. பரிந்துரையைப் பின்பற்றும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், இவற்றை விதியாக்குவது குறித்துத் தங்கள் குழு நகர மன்றத்துடன் பேச வேண்டும். புகார் அளிக்கும் உரிமை, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை, மேற்சொன்ன 2018 ஆணை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு மாநிலம் வழங்கும் இழப்பீடு ஆகியவற்றை விளக்கும் ஒரு பக்க அறிவிப்பை ஸ்பானிய மொழியிலும், தமிழ் உள்ளிட்ட தெற்காசிய மொழிகளிலும் அச்சிட்டு இக்கடைகளில் ஒட்டச் செய்யவும் வேண்டுகிறோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். புதிய துறையின் தொடக்க ஆண்டுகளில் அற்பக் காரணங்களுக்கெல்லாம் அபராதச் சீட்டுகள் எழுதப்பட்டதாக எழுந்த கண்டனத்தை நாங்கள் அறிவோம். எங்கள் பாதுகாப்பின் பெயரால், தெருமுனையில் நிற்கும் இளைஞர்களை நிறுத்திச் சோதிக்கும் பழக்கம் மீண்டும் வருவதை நாங்கள் விரும்பவில்லை. அவர்களில் பலர் நாங்கள் அன்றாடம் பேசிப் பழகும் வாடிக்கையாளர்கள். இரவில் எங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் ஓடிவருபவர்களும் அவர்களே.

இக்கோரிக்கைகளை நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்குத் தாங்கள் நேரம் ஒதுக்கித் தருமாறும், இரவுப் பணி முடிந்து உறங்கி எழுந்து வர வேண்டியிருப்பதால் அச்சந்திப்பைப் பிற்பகலில் அமைக்குமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேம்டன் நகரில் இரவுப் பணி செய்யும் தமிழ்த் தொழிலாளர்கள் மற்றும் குடும்பத்தினர்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: மேயர், கேம்டன் நகரம், தலைவர், கேம்டன் கவுண்டி காவல்துறை.