வேப்பேரி அச்சகத்தில் விடுபட்ட பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையின் பழைய அச்சகங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்தது வரை எழுதியிருந்தீர்கள். அப்புறம் அது யார் கைக்குப் போனது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதை வேப்பேரியில் வைத்து நடத்தியவர் ஜெர்மன் மிஷனெரி யோஹான் பிலிப் பெப்ரீசியஸ். அரசாங்க அச்சு வேலைகளையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவரிடம் கொடுத்தார்கள். 1779இல் வந்த அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வேப்பேரியில் அச்சானதுதான். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 கடைசியில் சென்னைக்கு வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் நகரத்தைப் பிடித்தபோது பழவேற்காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 1758 முற்றுகையின்போது வேப்பேரியே சூறையாடப்பட்டது. இதற்கெல்லாம் நடுவில்தான் வேதாகமத்தைத் தமிழில் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் லுத்தரன் சபையில் வளர்ந்த எனக்கு அவர் முதலில் பாட்டுக்காரர். எங்கள் பாட்டி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஞானப்பாட்டுப் புத்தகத்தின் அட்டை கழன்று, சாக்குத் தையல் நூலால் கட்டியிருக்கும். அதை மடியில் மூடி வைத்துக்கொண்டே ஒரு சரணம்கூடத் தவறாமல் கடைசி வரை பாடுவார். ஜெர்மன் பாடல்களை அதே மெட்டில் பாடும்படி தமிழாக்கித் தந்தவர்களில் பெப்ரீசியஸ் முக்கியமானவர். அது எத்தனை கஷ்டம் என்பது ஆலயப் பாடகர் குழுவில் நின்று பாடியபோதுதான் எனக்குப் புரிந்தது. மெட்டு நமக்காக நீளாது. சட்டென்று முடியும் சுரத்தில் ‘கால்’ வந்தால் அது ‘கல்’ ஆகிவிடும். நெடிலுக்கு இடம் பார்த்து, பொருளும் கெடாமல் சொல்லைத் தேட வேண்டும். சில வரிகளில் இன்றும் நாக்கு தடுக்கும், உண்மைதான். ஆனாலும் துக்க வீட்டில் அந்தப் பாட்டுகளைத்தான் எடுக்கிறோம்.

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றி எங்கள் ஆட்களே பேசத் தயங்குவார்கள். தம்மிடம் நம்பி ஒப்படைத்த பணத்தைத் தகாத இடங்களில் கடன் கொடுத்தார், அது திரும்பி வரவில்லை. அந்தக் கடனுக்காக முதிய வயதில் சிறைக்குப் போனார். 1788இல் வேப்பேரி மிஷன் பொறுப்பு கெரிக்கே என்ற இன்னொரு மிஷனெரியிடம் போனது. 1791 ஜனவரியில் பெப்ரீசியஸ் இறந்தார். அரை நூற்றாண்டு இந்த மண்ணில் இருந்தும், சொந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. பணத்தில் ஏமாந்தவர்தான். ஆனால் சொல்லில் அவர் காட்டிய அக்கறையை அந்தச் சிறைவாசம் அழித்துவிடாது என்று நான் நினைக்கிறேன்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கடனையும் சிறையையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புரசைவாக்கம், சென்னை