செயலாளரின் ஆண்டறிக்கை: அரசு மருத்துவர்கள் சங்கக் கிளைப் பொதுக்குழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த மருத்துவர்களே, பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத தம்பி தங்கைகளே, வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு நான்கு முறை கூடியது. டெங்குப் பணியால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் இளம் மருத்துவர் ஒருவர் எழுந்து, "பிரசவம் பார்க்கக் கல்லூரியில் கற்றுக்கொண்டோம், இன்டென்ட் போட யார் கற்றுத்தந்தார்கள்?" என்று கேட்டது நினைவிருக்கும். இன்டென்ட் என்றால் கிடங்கிலிருந்து மருந்து கேட்டு அனுப்பும் தேவைப் பட்டியல். அன்று சிரித்துவிட்டோம். யோசித்தால் சிரிக்கும்படி ஒன்றுமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த வாரமே அவர் வருகைப் பதிவேட்டையும் மருந்து இருப்பையும் பார்க்க வேண்டும். தன்னைவிட இருபது வயது மூத்த கிராம சுகாதார செவிலியருக்கு அவர்தான் அதிகாரி. இதற்காகவே மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நிர்வாகப் பயிற்சி நடத்தினோம்.

முதல் வகுப்பை ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் எடுத்தார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-இல் மருந்து வழங்கத் தொடங்கியது முதல், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள தொகைக்குள்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க முடியும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. போன வருடக் கணக்கைப் பார்த்தே இன்டென்ட் போட்டால் மார்ச் மாதம் கை விரிக்க நேரும் என்று, பழைய பதிவேடு ஒன்றை விரித்துக் காட்டினார். இரண்டாம் வகுப்பு 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம் பற்றியது. கொசுப் புழு வளரும் தொட்டிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்தச் சட்டத்தை அன்றுதான் முதன்முறையாகப் புரட்டினார்கள். "தலைமைப் பண்பு" என்ற மூன்றாம் வகுப்புக்கு வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்தோம். ஸ்லைடுகள் அழகாக இருந்தன. அடுத்த ஆண்டு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

மேற்படிப்பு ஒதுக்கீடு பற்றிய கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. மருந்து வகுப்பில் பின்வரிசை முழுக்கக் காலி. இதையும் பதிவுசெய்கிறேன். பணியில் உள்ளவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 31.8.2020 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், முதுநிலைக்கும் மேலான உயர் சிறப்புப் படிப்புகளில் அவர்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கி அரசாணை வந்தது. அதன்படி கலந்தாய்வு நடத்த 2022 மார்ச்சில்தான் நீதிமன்றம் வழிவிட்டது. இந்த ஒதுக்கீட்டைக் காக்கும் தீர்மானம் இன்றும் ஒருமனதாக நிறைவேறும் என நம்புகிறேன்.

முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் மாவட்ட உறைவிடப் பயிற்சி குறித்து ஒரு முறையீடு வந்தது. ஓர் இடத்தில் அவர்களை இரவுப் பணிக்கு ஆள் நிரப்ப மட்டுமே பயன்படுத்துகிறார்களாம். காசநோய்ப் பிரிவையோ தடுப்பூசிக் கிடங்கையோ ஒருமுறைகூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார்கள். மாவட்டம் எப்படி இயங்குகிறது என்று காட்டவே அந்த மூன்று மாதம். மனு கொடுத்திருக்கிறோம்; பதில் இன்னும் வரவில்லை. நானும் தலைவரும் அடுத்த வாரம் நேரில் போகிறோம்.

மருந்து வகுப்பைப் புதிதாகச் சேர்வோருக்கு ஆண்டுக்கு இருமுறை நடத்த உங்கள் அனுமதியை வேண்டி, இவ்வறிக்கையை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்