பர்கூர் குர்தியும் ஓசூர் ரோடும்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

எட்டு மாதமாக வாயே திறக்காதவள் திடீரென்று எழுதுகிறாளே, கடன் கேட்கத்தான் என்று நினைக்காதே. அது அடுத்த கடிதத்தில். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பெரியவன் பத்தாவது, பரீட்சை எனக்கு. நம்ம டெலிபோன் டைரக்டரி மகளுக்கு ஊத்தங்கரையில் கல்யாணம். அந்தக் கதையை நேரில்தான் சொல்ல முடியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பர்கூர் போனேன். அந்தத் துணிக்கடை வரிசைக்குள் கால் வைத்தால் எனக்குக் கை நிற்காது, உனக்குத் தெரியும். குர்தி ஒன்று 350 என்றான். பேசிப் பேசி மூன்றை 700க்கு முடித்தேன். அந்தப் பெருமையோடு பக்கத்து வீட்டு கன்னியம்மாக்காவிடம் காட்டப் போனால், அவர் மகள் தேவி லீவில் வந்திருந்தாள். பெங்களூர் கார்மெண்ட்ஸில் டெய்லர். குர்தியை வாங்கியவள் நிறத்தையும் பூவையும் பார்க்கவே இல்லை. உள்பக்கம் திருப்பி, தையல் மேலேயே நகத்தை ஓட்டிக்கொண்டு போய், கைக்குழி கிட்டே நிறுத்தினாள். “இங்க பாருங்க சித்தி, கோணிப் போய் அப்புறம் நேராயிருக்கு. சூப்பர்வைசர் பின்னாடி வந்து நின்னிருப்பான்.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

காலர் வைப்பது மட்டும்தான் அவள் வேலையாம். ஒரு முழுச் சட்டையை அங்கே அவள் தைத்ததே இல்லை. எழுந்து பாத்ரூம் போய் வருவதற்குள் பீஸ் குவிந்துவிடும், டார்கெட் போய்விடும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிற அன்று மட்டும் சோப்பு வரும், நல்ல தண்ணீர் வரும், “ஏய்” என்று கூப்பிடுகிறவன் “வாங்கம்மா” என்பான்.

அதோடு விட்டிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். கன்னியம்மாக்கா மெதுவாக ஆரம்பித்தார். 2016 ஏப்ரல் நினைவிருக்கிறதா? உன் வீட்டிலிருந்து திரும்பும்போது பெங்களூர் ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளியில் பஸ் மாட்டிக்கொண்டது என்று போனில் உன்னிடம் புலம்பினேனே, “வேலையைப் பார்க்காம ரோட்டில் உட்கார்ந்திருக்காளுங்க” என்று? நீயும் ஆமாம் போட்டாய். அது கார்மெண்ட்ஸ் பெண்கள் போராட்டம். அந்தக் கூட்டத்தில் கன்னியம்மாக்காவும் இருந்திருக்கிறார்.

பி.எஃப். பணத்தில் முதலாளி போடும் பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று டெல்லியில் விதி மாற்றியிருந்தார்கள். கார்மெண்ட்ஸில் 58 வரை யார் உட்கார முடியும்? கண்ணும் இடுப்பும் போய் வெளியே வரும்போது கையில் இருப்பது அந்தப் பணம் ஒன்றுதான். எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை. கம்பெனி கம்பெனியாகப் பெண்கள் தாங்களே இறங்கி வந்தார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை, பஸ் எரிப்பு எல்லாம் நடந்தது. இரண்டாம் நாளே டெல்லி அந்த விதியை வாபஸ் வாங்கியது. இத்தனை வருஷமாக எனக்கு அது வெறும் டிராஃபிக் ஜாம், மல்லிகா.

இப்போது உன் பங்கு. போன தீபாவளிக்கு “மலிவுத் துணி வாங்காதே, பாவம்” என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தாயே, உன் 2,800 ரூபாய் ஆர்கானிக் குர்தியில் தைத்தவள் கூலி எழுதியிருக்கிறதா? டாக்கா பக்கத்தில் 2013இல் இடிந்த ராணா பிளாசா என்கிற கட்டடத்தில் பிரைமார்க் என்கிற மலிவுக் கடைக்கும் தைத்தார்கள், பெனட்டன் என்கிற விலை கூடிய பிராண்டுக்கும் தைத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த பேங்க் தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. மேலே தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் உள்ளே ஏற்றினார்கள். செத்தது 1,134 பேர். அதற்கப்புறம்தான் பெரிய பிராண்டுகள் தொழிலாளர் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நம் திண்டுக்கல்லிலும் 2022இல் அப்படி ஒன்று கையெழுத்தானது, அதுவும் ஒரு பெண் செத்த பிறகு. விலையையும் கெடுவையும் முடிவு செய்கிறவன் எங்கோ இருக்கிறான். நானும் நீயும் கடையில் நின்று எதை எடுத்தாலும் அவனுக்கு உறைக்காது. ரோட்டை மறித்தால் உறைக்கிறது. அப்படி மறிக்கும்போது நாம் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து திட்டாமலாவது இருந்திருக்கலாம்.

உன் தெருமுனையில் காலையில் கார்மெண்ட்ஸ் வேன் நிற்குமே, அதில் ஏறுகிற ஒருத்தி பெயராவது உனக்குத் தெரியுமா? சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கும் பத்து வருஷமாகக் கன்னியம்மாக்கா வெறும் பக்கத்து வீட்டு அக்காதான்.

தேவி கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கைக்குழியைப் பிரித்து என் மெஷினிலேயே திருப்பித் தைத்துக் கொடுத்தாள். எவ்வளவு தரட்டும் என்றேன். “இதுக்கெல்லாமா சித்தி” என்றாள். கடைக்காரனிடம் 350 ரூபாய் குறைத்த வாய்க்கு அவளிடம் ஒன்றும் பேச வரவில்லை.

பதில் போடு. போன் பண்ணித் தப்பிக்காதே.

உன்,
விஜயா

பி.கு.: நம் மூன்று பேருக்கும் பொதுவான நீலச் சேலை என் பீரோவில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு இழை பிரியவில்லை. டைரக்டரி வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் கட்டுவேன், முறை உன்னுடையது என்று வராதே.